பழைய மெஷின் படங்கள் குவிந்து கிடக்கின்றன, கதை மட்டும் வரமாட்டேன் என்கிறது

தங்கவயல்_பேரன்:

வணக்கம். எனக்கு இரண்டு கிறுக்கு உண்டு. ஒன்று, கைவிட்ட பழைய இயந்திரங்களைத் தேடிப் போய்ப் படம் எடுப்பது. இன்னொன்று அறிவியல் புனைகதை எழுதுவது. முதல் கிறுக்கு இரண்டாவதற்குத் தீனி போடும் என்று நம்பித்தான் செகண்ட் ஹேண்டில் ஒரு கேமரா வாங்கினேன். படங்கள் சேர்ந்துகொண்டே போகின்றன, கதைப் பக்கம் காலியாகவே இருக்கிறது.

அப்பா வழியில் கோலார் தங்கவயல் குடும்பம். தாத்தா சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் இருந்தவர். 2001 பிப்ரவரி கடைசியில் சுரங்கத்தை மூடியபோது நான் கைக்குழந்தை, அதனால் ஓடுகிற மெஷின் எதையும் பார்த்ததில்லை, நின்றுபோனதை மட்டும்தான் எனக்குத் தெரியும். ஊருக்குப் போகும்போதெல்லாம் ஷாஃப்ட்டுக்கு (செங்குத்தான சுரங்கக் குழிக்கு) மேலே நிற்கிற இரும்புக் கோபுரங்கள், சயனைட் மேடு (தங்கம் பிரித்தபின் கொட்டிய கழிவு மண்), கூரை போன கட்டடங்கள் என்று ரோட்டில் நின்றபடியே எடுத்துக்கொண்டிருப்பேன். போன பொங்கலுக்கு முறையாக எழுதிக் கொடுத்து அனுமதி வாங்கி, காவலாளி கூடவே வர, ஒரு வைண்டர் கட்டடத்துக்குள் கொஞ்ச நேரம் நிற்க முடிந்தது. ஆட்கள் ஏறி இறங்குகிற கூண்டான கேஜை மேலும் கீழும் இழுக்கிற பெரிய டிரம், பிரேக், டிரைவர் உட்காரும் மேடை எல்லாம் அப்படியே இருந்தன. படங்கள் இணைப்பில்.

எழுத உட்கார்ந்தால் "துருவேறிய ராட்சதச் சக்கரங்கள் மௌனமாக நின்றன" என்று ஒரு வரி வருகிறது, அதற்கு மேல் வண்டி நகரவில்லை. படத்தை வர்ணிக்கிறேனே தவிர அதற்குள் யாரும் எதுவும் செய்வதில்லை. இங்கே எழுதுகிறவர்களும் இருக்கிறீர்கள், படம் எடுக்கிறவர்களும் இருக்கிறீர்கள். அப்படி ஓர் இடத்துக்குப் போனால் எதை எடுப்பீர்கள்? எடுத்ததை வைத்துக்கொண்டு என்ன செய்வீர்கள்? லென்ஸ், வெளிச்சம் பற்றியும் சொல்லுங்கள், ஆனால் எனக்கு இடிக்கிற இடம் அது இல்லை என்று நினைக்கிறேன்.


காயலான்_கடை:

படங்கள் பார்த்தேன் தம்பி. வெளிச்சத்தில் குறை இல்லை. ஆனால் எல்லாமே அகலக் கோணம், எல்லாமே கீழிருந்து மேலே. பார்க்கிறவன் "அடேயப்பா, எவ்வளவு பெரிசு" என்று சொல்லிவிட்டு அடுத்த படத்துக்குப் போய்விடுவான். உங்கள் முதல் வரியும் அதைத்தானே சொல்கிறது?

முதலில் துருவை விட்டுத்தள்ளுங்கள். எந்த மெஷினாக இருந்தாலும் துரு ஏறக்குறைய ஒரே மாதிரிதான் இருக்கும். பழுது பார்த்த விதம்தான் ஒன்றுக்கொன்று வேறுபடும். நான் போனால் தேடுவது அதைத்தான். வரிசையாக ஒரே சைஸ் போல்ட் இருக்கிற இடத்தில் நடுவே ஒன்று மட்டும் வேறு தலை, உடைந்த கைப்பிடிக்குப் பதிலாக வெல்டிங் வைத்த கம்பித் துண்டு, கசிகிற குழாயில் சைக்கிள் டியூபைக் கிழித்துச் சுற்றிய கட்டு. பிரஷர் மீட்டர் கண்ணாடிமேல் யாரோ நெயில் பாலிஷால் போட்ட சிவப்புக் கோடு ஒரு தடவை கிடைத்தது. மீட்டரில் ஏற்கெனவே கம்பெனி அச்சடித்த கோடு ஒன்று இருக்கிறது, இது அதற்கு நன்றாகக் கீழே. இவ்வளவு வரை போகலாம் என்று கம்பெனி சொல்லியிருக்கிறது, ஓட்டியவருக்கு அதில் நம்பிக்கை இல்லை. ஏன் இல்லை? யார் வீட்டு நெயில் பாலிஷ்? இந்தக் கேள்வியைக் கேட்டவுடன் எனக்கு ஆள் கிடைத்துவிட்டான், அவனை நான் வியாழன் பக்கம் போகிற கப்பலில் ஏற்றினாலும் அதே கோட்டைப் போடுவான்.

ஒரு மெஷின் முன்னால் நின்றால், ஓட்டுகிறவன் எங்கே நிற்பான் என்று கண்டுபிடியுங்கள். அங்கே நின்று, அவன் கண் மட்டத்தில் என்ன தெரியுமோ அதை எடுங்கள். பெயிண்ட் போய்ப் பளபளவென்று இருப்பது கை பட்ட இடம், சிமெண்ட் தரை குழிந்திருப்பது கால் மாற்றி மாற்றி நின்ற இடம். அப்புறம் குழாய்கள். ஒரு குழாயைப் பிடித்தால் அது தொடங்கும் இடத்திலிருந்து முடியும் இடம் வரை விடாமல் எடுங்கள், அழகாக இல்லாவிட்டாலும் பரவாயில்லை. 1970களில் விண்வெளிப் படங்களுக்கு மாதிரிக் கப்பல் செய்தவர்கள் கடையில் விற்கிற டாங்கி, போர்க்கப்பல் பிளாஸ்டிக் கிட்டுகளை வாங்கி அதன் உதிரிகளைக் கப்பல் உடம்பெல்லாம் ஒட்டினார்கள். திரையில் சில வினாடிதான் என்பதால் பிரமாதமாக இருந்தது. எழுத்தில் அந்த வித்தை செல்லாது, வாசகன் நின்று நிதானமாக "இது எங்கே போகிறது?" என்று கேட்பான், நமக்குப் பதில் தெரிந்திருக்க வேண்டும்.

இன்னொன்று. உங்கள் படம் ஒன்றில் டிரம்மின் விளிம்பில் வெள்ளைப் பெயிண்டில் ஒரு கோடு, அதைக் குறுக்கே அடித்துவிட்டுப் பக்கத்தில் இன்னொரு கோடு. ஃப்ரேமின் ஓரத்தில் பாதி வெட்டுப்பட்டு நிற்கிறது. அது என்ன?


உமி_மூட்டை:

தங்கவயலுக்கு எல்லோராலும் போக முடியாது, போனாலும் உள்ளே விடமாட்டார்கள். எங்கள் மன்னார்குடிப் பக்கம் மூடிக் கிடக்கிற பழைய ரைஸ் மில் ஊருக்கு ஒன்று உண்டு, உரிமையாளர் வீடும் பெரும்பாலும் பக்கத்திலேயே இருக்கும், போய்க் கேட்டால் காபி கொடுத்துச் சாவியும் கொடுப்பார்கள். அங்கிருந்து தொடங்கலாம்.

பழைய மில்லில் ஒரே ஓர் ஆயில் இன்ஜின், இல்லையென்றால் ஒரு மோட்டார். அதிலிருந்து ஒரு பெல்ட் மேலே போய், கூரைக்குக் கீழே கட்டடத்தின் நீளத்துக்கு ஓடுகிற ஷாஃப்ட்டை, அதாவது இரும்புத் தண்டை, சுழற்றும். ஷாஃப்ட் முழுக்கப் புல்லிகள், ஒவ்வொரு புல்லியிலிருந்தும் ஒரு பெல்ட் இறங்கி உமி நீக்குகிற ஹல்லர், சலிப்பான், எலிவேட்டர் என்று ஒவ்வொன்றையும் ஓட்டும். ஹல்லரை மட்டும் நிறுத்த வேண்டுமென்றால் சுவிட்ச் கிடையாது. ஓட்டுகிற புல்லிக்குப் பக்கத்திலேயே சும்மா சுழல்கிற புல்லி இன்னொன்று இருக்கும், ஒரு மரக் கவையால் பெல்ட்டை ஓரமாகத் தள்ளி அதன்மேல் ஏற்றிவிட்டால் பெல்ட் பாட்டுக்கு ஓடும், மெஷின் நின்றுவிடும். நான் எடுத்ததில் எனக்குப் பிடித்த படம் அந்தக் கவைதான். வெளிப்பக்கம் கரடுமுரடான கருவேலங்கட்டை, பெல்ட் உரசுகிற உள்பக்கம் மட்டும் கண்ணாடி போல வழுவழுவென்று, நடுவில் விரல் நுழைகிற ஆழத்துக்குத் தேய்ந்திருந்தது.

மில் ஓட்டிய பெரியவர் சொன்னதுதான் எனக்குக் கதையானது. எல்லா மெஷினும் ஒரே ஷாஃப்ட்டில் மாட்டியிருப்பதால் ஒன்றில் சுமை ஏறினால் மொத்த மில்லின் சத்தமும் மாறுமாம், கண்ணை மூடிக்கொண்டே எதில் நெல் தீர்ந்தது என்று சொல்லிவிடுவாராம். அதை அப்படியே ஓர் ஊருக்குப் போட்டுப் பார்த்தேன். மின்சாரமே இல்லாத ஒரு குடியேற்றம், ஊர் முழுவதற்கும் ஒரே ஷாஃப்ட், தெருத் தெருவாகப் பெல்ட் இறங்குகிறது. யார் வீட்டில் எவ்வளவு இழுக்கிறார்கள் என்பது ஊருக்கே காதில் விழும். அங்கே சக்தியைத் திருடுகிறவன் எப்படித் திருடுவான்? அவ்வளவுதான், எழுதிவிட்டேன். படத்தில் இருந்த மில் கதையில் எங்குமே வரவில்லை.

படம் எடுப்பதில் ஒரே ஒரு யோசனை. வார்ப்பு இரும்பில் எழுத்து இருந்தால் நேராக ஃபிளாஷ் அடிக்காதீர்கள், தட்டையாகிவிடும். டார்ச்சைப் பலகையோடு ஒட்டிப் பக்கவாட்டில் பிடித்தால் படிக்கவே முடியாத எழுத்துகூட நிழலோடு எழுந்து வரும். இங்கிலாந்தின் லிங்கனில் செய்த ரஸ்டன் இன்ஜின், ஓல்ட்ஹாமில் செய்த பிளாட் நூற்பு மெஷின் என்று ஊர்ப் பெயரோடு வார்த்திருப்பார்கள். எங்கிருந்து கப்பல் ஏறி, எந்த ரயிலில் வந்து, கடைசி மைல் மாட்டுவண்டியில் எப்படி வந்தது என்று யோசித்தால் அதுவே ஒரு தனிக் கதை. கேமரா எல்லாம் வேண்டாம், போன் போதும், ஒரு சின்ன முக்காலி இருந்தால் நல்லது.


தங்கவயல்_பேரன்:

இரண்டு பேருக்கும் நன்றி. காயலான் அண்ணே, நீங்கள் சொன்ன பிறகு பெரிதாக்கிப் பார்த்தேன். இரண்டு இல்லை, மூன்று கோடு. இரண்டை அடித்திருக்கிறார்கள், மூன்றாவதன் பக்கத்தில் ஏதோ எண் எழுதியிருக்கிற மாதிரி இருக்கிறது. யாருக்காவது தெரியுமா?


ஓய்வு_ஃபிட்டர்:

பேரப்பிள்ளை, நான் வைண்டிங் செக்‌ஷனில் ஃபிட்டராக இருந்தவன், இப்போது ஓசூரில் மகன் வீட்டில் இருக்கிறேன். அந்தக் கோட்டைப் பார்த்ததும் ஒரு நிமிஷம் போனைக் கீழே வைத்துவிட்டேன்.

முதலில் ஒன்றைப் புரிந்துகொள். வைண்டர் டிரைவருக்கு ஷாஃப்ட் தெரியாது. அவர் இருப்பது தனிக் கட்டடம். கயிறு சுவரில் இருக்கிற திறப்பு வழியாக வெளியே போய், கோபுரத்து உச்சியில் இருக்கிற சக்கரத்தில் ஏறி, அந்தப் பக்கம் பூமிக்குள் இறங்குகிறது. கேஜில் ஆட்கள் இருக்கிறார்களா, பாறை இருக்கிறதா, காலியாக வருகிறதா, எதுவும் அவர் கண்ணில் படாது. அவருக்கு எதிரே டெப்த் இண்டிகேட்டர், அதில் முள் நகரும், கேஜ் எவ்வளவு ஆழத்தில் என்று காட்டும். அப்புறம் மணி. எத்தனை அடித்தால் என்ன என்று சுவரில் பலகை மாட்டியிருக்கும். ஓடிக்கொண்டிருக்கும்போது ஒரே ஒரு மணி வந்தால் நிறுத்து என்று அர்த்தம், அதற்கு மட்டும் யோசிக்கிற வேலையே கிடையாது, கை தானாகப் பிரேக்குக்குப் போக வேண்டும்.

இண்டிகேட்டர், மணி போக அவருக்கு உதவுகிற மூன்றாவது விஷயம்தான் நீ கேட்ட கோடு. கயிறு எஃகுதான், ஆனாலும் இழுபடும், புதுசு போட்ட கொஞ்ச நாளில் நன்றாகவே நீளும். அது போக, குறிப்பிட்ட காலத்துக்கு ஒரு முறை கேஜோடு சேருகிற நுனியை வெட்டிப் பிரித்து உள்கம்பி எப்படி இருக்கிறது என்று பார்த்துவிட்டு மறுபடி நுனியில் இணைப்பு போட்டு மாட்டுவோம், அப்போது நீளம் குறையும். ஒவ்வொரு தடவையும் கேஜ் சரியாகத் தரை மட்டத்தில் நிற்கும்போது டிரம் நிற்கிற இடம் கொஞ்சம் தள்ளிப் போகும். இண்டிகேட்டரையும் சரி செய்வோம், ஆனால் முள் காட்டுகிற ஓர் அங்குலம் கீழே எத்தனையோ அடி, கடைசி அடிக்கு அதை நம்ப முடியாது. அங்கே டிரைவர் பார்ப்பது டிரம்மில் இருக்கிற பெயிண்ட் குறியைத்தான். கயிறு மாறினால் பழைய கோட்டை அடித்துவிட்டுப் புதுக் கோடு. அந்த எண் எந்த லெவலுக்கு உரியது என்பதாக இருக்கும், படத்தில் மங்கலாக இருக்கிறது. அடிக்காமல் விட்டிருக்கிற மூன்றாவது கோடுதான் கடைசிக் கயிற்றுக்குப் போட்டது.

தாத்தா சாம்பியன் ரீஃப் என்கிறாய். மூன்று கிலோமீட்டருக்கு மேல் ஆழம், ஒரே கேஜில் போய்விட முடியாது, பாதியில் இறங்கி நடந்து உள்ளுக்குள்ளேயே இருக்கிற அடுத்த வைண்டரில் மாற வேண்டும். அடி ஆழத்தில் பாறையில் கை வைத்தால் சுடும். சில சமயம் பாறை அழுத்தம் தாங்காமல் வெடிக்கும், நிலநடுக்கம் மாதிரி மேலே தொழிலாளர்களின் லைன் வீடுகளில் அலமாரிப் பாத்திரம் ஆடும். ஆடியதும் பெண்கள் வாசலுக்கு வந்து, உள்ளே எந்த ஷிஃப்ட் என்றுதான் ஒருவரை ஒருவர் கேட்டுக்கொள்வார்கள். மெஷின் படத்தோடு லைன் வீட்டு அலமாரியையும் ஒரு படம் எடுத்து வை.

உனக்கு விஞ்ஞானக் கதைதானே வேண்டும்? எங்கள் சுரங்கத்திலேயே இருந்தது. டாடா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்து ஆட்கள் ஜப்பானியர், ஆங்கிலேயரோடு சேர்ந்து இரண்டு கிலோமீட்டருக்கும் கீழே கருவிகளை வைத்து, வளிமண்டலத்தில் உண்டாகிற நியூட்ரினோ என்கிற நுண்துகளை 1965இல் பிடித்தார்கள். மேலே இருக்கிற பாறை மற்ற கதிரையெல்லாம் வடிகட்டிவிடும் என்பதற்காகத்தான் அவ்வளவு கீழே. அப்புறம் 1980களில் புரோட்டான் சிதைகிறதா என்று பார்க்க சுமார் 140 டன் எடையில் இரும்புத் தகடும் வாயுக் குழாயும் மாற்றி மாற்றி அடுக்கி ஒரு கருவி. அத்தனை இரும்பும் கேஜ் வழியாகத்தான் துண்டு துண்டாக இறங்கியது. தங்கம் வெட்டப் போகிறவனும் வானத்திலிருந்து வருவதைப் பிடிக்கப் போகிறவனும் ஒரே கேஜில் தோளோடு தோள் நிற்பார்கள்.

கண்டிப்பாக ஒன்று சொல்ல வேண்டும். அனுமதி இல்லாமல் எந்த ஷாஃப்ட் பக்கமும் போகாதே. மூடியிருக்கிற பலகை எந்த வருஷத்துப் பலகையோ. உள்ளே தேங்கியிருக்கிற காற்றில் ஆக்சிஜன் இல்லாமல் போயிருக்கலாம், வாசனையே வராது, உட்கார்ந்தால் எழுந்திருக்க மாட்டாய். காற்று அடிக்கிற நாளில் சயனைட் மேட்டில் ஏறிப் படம் எடுக்காதே. பழைய நீராவிக் குழாயைச் சுற்றி வெள்ளையாகப் பஞ்சுபோல இருந்தால் அது கல்நார், தொடாதே, தட்டாதே.


பிட்டு_பிட்டாக:

இவ்வளவு கஷ்டம் எதற்கு, ஏஐயிடம் "கைவிடப்பட்ட விண்வெளிச் சுரங்கம்" என்று சொன்னால் ஒரு நிமிஷத்தில் நூறு படம் தருமே?


காயலான்_கடை:

தரும், அழகாகவும் இருக்கும். அந்த நூறில் ஒன்றிலாவது குழாய் எங்கே போகிறது என்று பின்தொடர்ந்து பாருங்கள். அப்புறம் ஃபிட்டர் ஐயா இப்போது சொன்ன மூன்று கோட்டை, அதுவும் இரண்டை அடித்துவிட்டு, அது போடுமா என்றும் கேட்டுப் பாருங்கள்.


நிலாத்தூசு:

துருவை விடுங்கள் என்று காயலான் அண்ணன் சொன்னார், நான் பள்ளியில் இயற்பியல் எடுக்கிறவன் என்பதால் என் பங்குக்கு இன்னும் கொஞ்சம் கெடுபிடி செய்கிறேன். நீங்கள் எடுத்த துரு இந்த ஊர்க் காற்றும் மழையும் சேர்ந்து செய்தது. கதை நிலவில் நடக்கிறது என்றால் அந்தச் செம்பழுப்பு நிறத்தையே மறந்துவிடுங்கள். அங்கே கைவிட்ட மெஷின் வேறு விதமாக வீணாகும். மசகு எண்ணெய் வெற்றிடத்தில் ஆவியாகிப் போகும். எண்ணெய்ப் படலம் போனபின் சுத்தமான உலோகமும் உலோகமும் தொட்டுக்கொண்டிருந்தால் தானாகவே ஒட்டிக்கொள்ளும். புற ஊதா ஒளியில் பிளாஸ்டிக்கும் ரப்பரும் நொறுங்கும், பெயிண்ட் வெளுக்கும். இரண்டு வாரப் பகலில் 100 டிகிரி செல்சியஸுக்கு மேல், இரண்டு வார இரவில் சைபருக்குக் கீழே 170 வரை, விரிந்து சுருங்கி விரிந்து சுருங்கி இணைப்புகள் களைத்துப்போகும். தூசு வேறு, காற்றும் நீரும் உருட்டித் தேய்க்காததால் ஒவ்வொரு துகளும் கூராக இருக்கும். ஆக, பார்க்க நேற்றுச் செய்தது போலிருக்கிற மெஷின், திருகைத் திருப்பினால் திரும்பாது, ஒயரைத் தொட்டால் உதிரும். இது துருவைவிடப் பயமாக இல்லையா?

நிஜமாகவே அங்கே கிடக்கிற பழைய மெஷின் ஒன்று உண்டு. சோவியத் நாட்டின் லூனகோட் 1, 1970 நவம்பரில் இறங்கிய ஊர்தி, அடுத்த ஆண்டு செப்டம்பரில் தொடர்பு போய்விட்டது. எங்கே நிற்கிறது என்றே பல காலம் துல்லியமாகத் தெரியாமல் இருந்து, 2010இல் நிலவைச் சுற்றுகிற நாசா விண்கலம் எடுத்த படத்தில் அகப்பட்டது. உடனே பூமியிலிருந்து லேசர் அடித்துப் பார்த்தார்கள், அதன் முதுகில் இருக்கிற கண்ணாடி ஒளியைத் திருப்பி அனுப்பியது, அதுவும் எதிர்பார்த்ததைவிடப் பிரகாசமாக. அதன் தம்பி லூனகோட் 2 இன்னும் வேடிக்கை, 1993இல் நியூயார்க்கில் ஏலத்துக்கு வந்து ஒருவர் காசு கொடுத்து வாங்கியிருக்கிறார். சரக்கை நீங்களே போய் எடுத்துக்கொள்ள வேண்டும் என்கிற ஏலம். காயலான் அண்ணனுக்கு இதைவிட நல்ல கதைக்கரு வேண்டுமா?

ஃபிட்டர் ஐயா சொன்ன கயிற்றுக்கும் ஒரு கணக்கு இருக்கிறது. நல்ல எஃகுக் கயிறு தன் எடையாலேயே அறுந்துபோக 15 கிலோமீட்டருக்கு மேல் தொங்க வேண்டும். ஆனால் ஆட்களை ஏற்றுகிற கயிற்றை அந்த எல்லைக்குப் பக்கத்தில்கூடக் கொண்டுபோக மாட்டார்கள், பல மடங்கு பாதுகாப்பு வைப்பார்கள், அதற்கு மேல் கேஜின் எடை, பாறையின் எடை. அதனால்தான் மூன்று கிலோமீட்டரை நெருங்கும்போது ஒரே கயிறு கட்டுப்படியாகாமல் இடையில் மாற வேண்டி வருகிறது. நிலவில் ஈர்ப்பு ஆறில் ஒரு பங்கு, அதே கயிறு ஆறு மடங்கு ஆழம் போகும். இடையில் மாறாமல் ஒரே இறக்கம். இதை வைத்துக்கொண்டு தம்பி ஏதாவது செய்யலாம்.


கீரிமலை_கமரா:

எல்லோரும் இருக்கிற மெசினைப் பற்றியே கதைக்கிறீர்கள். நான் இல்லாத மெசினைப் பற்றிச் சொல்கிறேன்.

எங்கள் காங்கேசன்துறை சீமெந்துத் தொழிற்சாலை 1950இல் தொடங்கியது, 1990இல் சண்டையால் நின்றுபோனது. பெரியப்பா அங்கே வேலை செய்தவர். நான் எடுத்த படங்களில் இருப்பவை பெரும்பாலும் கொங்கிரீட் கூடுகளும் வெறும் பீடங்களும்தான். முதலில் எனக்கும் ஏமாற்றம். பிறகு படங்களைப் பெரியப்பாவிடம் காட்டினேன், அவர் ஒரு படத்தில் விரலை வைத்துக்கொண்டு அரை மணித்தியாலம் கதைத்தார். வரிசையாக நிற்கிற தடித்த தூண்கள், ஒன்றைவிட அடுத்தது கொஞ்சம் தாழ்வு. எனக்கு அது கட்டியவர்களின் பிழை மாதிரித் தெரிந்தது. சூளை அந்தச் சரிவில்தான் கிடந்ததாம். நீண்ட இரும்புக் குழல், உள்ளே செங்கல் பூச்சு, மெதுவாக உருண்டபடியே இருக்கும், மேல் முனையில் போட்ட சுண்ணாம்புக்கல் மாவும் களிமண்ணும் உருண்டு உருண்டு கீழ் முனைக்கு வரும்போது 1450 பாகை வெப்பத்தில் வெந்து கட்டியாக விழும். தூண்களின் உயர வித்தியாசத்தைப் பார்த்தே சூளை எந்தப் பக்கம் சரிந்திருந்தது, நெருப்பு எந்த முனையில் இருந்தது என்று சொல்லிவிடலாம். மெசின் போனாலும் அதன் அளவு பீடத்திலும் ஆணித் துளையிலும் மிச்சமிருக்கிறது, அதையும் எடுங்கள் தம்பி.

இன்னுமொரு விசயம் அவர் சொன்னது. சூடாக இருக்கிற சூளையை நிறுத்த முடியாது. மின்சாரம் போனால் உடனே தனி இயந்திரத்தைப் போட்டு மெல்ல மெல்ல என்றாலும் உருட்டிக்கொண்டே இருக்க வேண்டும், இல்லாவிட்டால் தன் பாரத்தில் நடுவே தொய்ந்து வளைந்துவிடும், பிறகு அது சூளை இல்லை. ஊரை விட்டு ஓட வேண்டிய நேரத்தில் அப்படி ஒன்றைக் கையில் வைத்திருப்பவர் என்ன செய்வார்? எனக்குக் கதை அந்தக் கேள்வியிலிருந்துதான் வந்தது. வேறொரு கிரகத்தில் கடைசிக் கப்பல் புறப்படப் போகிறது, சூளை ஆறுவதற்கு இன்னும் நாட்கள் வேண்டும்.

அதனால் காயலான் அண்ணாவோடு கொஞ்சம் முரண்படுகிறேன். பழுது பார்த்த தடம் நல்லதுதான், ஆனால் அது மெசின் ஓடிய காலத்தைச் சொல்லும். நின்ற நாளைச் சொல்வது வேறு பொருட்கள்: கரும்பலகையில் அழிக்காமல் விட்ட முறைப் பட்டியல், நிறுத்திய நிலையிலேயே இருக்கிற நெம்பு, ஆணியில் தொங்குகிற சாவி. அவற்றை நகர்த்தாமல் எடுங்கள். அப்புறம் வேலை செய்தவர்களிடம் படத்தைக் காட்டும்போது கைபேசியில் குரலைப் பதிவு செய்யுங்கள், கேட்டுக்கொண்டு செய்யுங்கள்.


காயலான்_கடை:

அக்கா சொல்வதை ஏற்றுக்கொள்கிறேன், நின்ற நாள் என்பதை நான் யோசித்ததே இல்லை. ஆனால் சாவி தொங்குவதெல்லாம் உங்கள் அதிர்ஷ்டம். எங்கள் பக்கம் பூட்டையும் சேர்த்துக் கேஸ் கட்டரால் வெட்டி எடைக்குப் போட்டுவிடுவார்கள். ஒரு ஸ்பின்னிங் மில்லுக்கு ஏல நோட்டீஸ் ஒட்டியிருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டால் அந்த வாரமே ஓடுங்கள், அடுத்த வாரம் காலி மனைதான் இருக்கும். அதற்கும் பிந்திவிட்டால் சென்னைப் புதுப்பேட்டை மாதிரி இடங்கள் இருக்கவே இருக்கின்றன. குவியலாகக் கிடக்கிற உதிரியில் ஒன்றை எடுத்து, இது என்ன என்று கடைக்காரரிடம் கேளுங்கள். தெரியாவிட்டாலும் ஏதாவது ஒரு பதில் சொல்வார்கள், சில சமயம் அந்தப் பதில் உண்மையைவிட நன்றாக இருக்கும்.


தங்கவயல்_பேரன்:

எல்லோருக்கும் நன்றி, குறிப்பாக ஃபிட்டர் ஐயாவுக்கு. உங்கள் பதிலை அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன், உங்களோடு பேச வேண்டும் என்கிறார், தனிச்செய்தி அனுப்பியிருக்கிறேன்.

கதை ஒன்று பிடிபட்ட மாதிரி இருக்கிறது. நிலவில் ஒரு சுரங்கம், 15 கிலோமீட்டர், ஒரே கயிறு. வைண்டர் டிரைவர் ஒரு பெண், எங்கள் லைன் வீட்டிலிருந்து போனவளின் பேத்தி. இண்டிகேட்டர் எல்லாம் கம்ப்யூட்டர், ஆனால் டிரம்மில் யாரோ போட்ட பழைய வெள்ளைக் கோடுகள் இருக்கின்றன, எல்லாமே அடிக்கப்பட்டவை, அடிக்காத கோடு ஒன்றுகூட இல்லை. ஒரு நாள் முழு வேகத்தில் ஆட்கள் ஏறி வந்துகொண்டிருக்கும்போது ஒற்றை மணி. அவள் யோசிக்காமல் பிரேக்கை அழுத்துகிறாள். கேஜ் அந்த இடத்திலேயே நிற்கிறது. அங்கிருந்து கதை.


நிலாத்தூசு:

நிற்காது தம்பி. கயிறு மேலே இழுக்கத்தான் செய்யும், பிடித்துக் கீழே இழுக்காது. ஏறி வருகிற கேஜின் வேகத்தைக் குறைப்பது ஈர்ப்பு மட்டும்தான், நிலவில் அது வினாடிக்கு வினாடி 1.6 மீட்டர். டிரம்மை அதைவிட வேகமாக நிறுத்தினால் கயிறு தொய்ந்துபோகும், கேஜ் பாட்டுக்கு மேலே போய்க்கொண்டிருக்கும், அப்புறம் திரும்பி விழுந்து கயிற்றை ஒரு வெட்டு வெட்டும். உள்ளே நிற்கிறவர்கள் கூரையில் முட்டுவார்கள். வினாடிக்கு 10 மீட்டர் வேகத்தில் வருகிறது என்று வைத்துக்கொண்டால் கயிறு தொய்யாமல் நிறுத்த 30 மீட்டராவது வேண்டும், ஆறு வினாடிக்கு மேல் ஆகும். பூமியில் இதே கணக்குக்கு எல்லை சுமார் 5 மீட்டர்.


தங்கவயல்_பேரன்:

அப்படியென்றால் அவள் பாட்டியிடம் கற்றுக்கொண்ட பழக்கமே, ஒரு மணிக்கு யோசிக்காமல் பிரேக் என்பதே, அங்கே ஆளைக் கொன்றுவிடும்?


ஓய்வு_ஃபிட்டர்:

அதை எழுது. ஆனால் டிரைவர் பிரேக்கை "அழுத்துகிறாள்" என்று போடாதே, எங்கள் வைண்டரில் அது கை நெம்பு, உன் நாலாவது படத்தில் வலப்பக்கம் இருப்பது. பிடி தேய்ந்திருக்கிறது பார், அதைக் கிட்டத்தில் ஒரு படம் எடுத்திருக்கலாம். அடுத்த தடவை ஊருக்கு வரும்போது முன்கூட்டியே சொல், நானும் வருகிறேன், அந்த எண்ணையும் படித்துவிடலாம்.